உறையைப் பிரிக்காதீர்கள்

அலை ஐயா வந்து இறங்கிய மூன்றாவது வாரத்தில் தபால் அலுவலகத்தில் உறைகள் தீர்ந்துபோயின. நான்காவது வாரத்தில் எழுதுபொருள் கடைகளிலும் தீர்ந்தன. கடிதம் எழுதுகிற வழக்கம் ஒழிந்து எத்தனையோ காலமான பிறகு ஜனங்கள் உறைக்காக முண்டியடித்தார்கள் என்றால், அந்தப் பெருமை அந்த ஒரு மனிதரையே சேரும்.

வாலிப வயதுப் பிள்ளைகளின் மனத்தைக் குணப்படுத்துவது அலை ஐயாவின் தொழில். அதுவும் பிள்ளைகளைப் பார்க்காமலே. பார்க்கப் போனால் பிள்ளைகள் வாயைத் திறந்து எதையாவது சொல்லிவிடுவார்கள். அது வைத்தியத்துக்கு இடைஞ்சல். பிள்ளையின் புகைப்படம் ஒன்று ஒட்டிய உறைக்குள் வந்தால் போதும். அவர் உறையைத் தொடக்கூட மாட்டார். நூலில் தொங்கும் ஒரு பித்தளைக் குண்டை அதன் மேல் பிடிப்பார். கண்ணை மூடுவார். குண்டு வலப்பக்கம் சுற்றினால் பிள்ளை நலம். இடப்பக்கம் சுற்றினால் துயர அலை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதுவரை வலப்பக்கம் சுற்றியதாகத் தகவல் இல்லை.

அவர் வாடகைக்கு எடுத்திருந்தது, மூடிப்போன ஒரு மெத்தைக் கடை. விற்காத மெத்தைகள் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே கிடந்தன. காலை ஆறு மணியிலிருந்து பெற்றோர்கள் அவற்றின் மேல் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யாராவது அசைந்தால் சரக் சரக்கென்று சத்தம் வரும். அதையே அலையின் சத்தம் என்று சொன்னவர்களும் உண்டு.

வாசலில் குறிப்பேட்டுக்காரர் என்று பெயர் பெற்ற உதவியாளர் நின்று எல்லோருக்கும் ஒரே பாடத்தைச் சொல்வார்.

"உறைக்குள்ள படம். உறைக்கு மேல பிள்ளையோட வயசு, என்ன குறை, எத்தனை நாளா. கொட்டை எழுத்துல எழுதுங்க. அப்பதான் அலை விலாசம் தப்பாம போய்ச் சேரும். எக்காரணம் கொண்டும் உறையைப் பிரிக்காதீங்க. பிரிச்சா அலை கலைஞ்சிடும்."

ஒரு தாய் கொட்டை எழுத்தில் எழுதுவாள்: 'வயது 15. எப்போதும் மொபைல். அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான்.' உள்ளே போவாள். அலை ஐயா குனிந்து உறையை ஒரு கணம் நோக்குவார். பிறகு கண்ணை மூடி, குண்டைச் சுற்றவிட்டு, எங்கோ தொலைவிலிருந்து பேசுவதுபோலச் சொல்வார்: "ஒரு கதவு தெரியுது. சாத்தின கதவு. கையில ஏதோ வெளிச்சம். சின்ன வெளிச்சம்."

"ஐயா, மொபைல்" என்று தாய் வாயைப் பொத்திக்கொள்வாள். "எப்படி ஐயா கண்டுபிடிச்சீங்க?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்பது அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஆனால் தன் கையெழுத்தைத் தானே படிக்கிற வழக்கம் யாருக்கு இருக்கிறது?

அந்த மெத்தைகளில் ஒன்றில் ஒரு சனிக்கிழமை கண்ணாடிக்காரரும் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிக்காரர் முட்டாள் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கண் பரிசோதித்துக் கண்ணாடி விற்கிறவர். எழுத்துப் பலகையை ஆறு மீட்டரில் மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா" என்று ஒரு நாளைக்கு நானூறு தடவை கேட்கிறவர். பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர் வேறு. தேர்தல் நடந்த அன்று கூட்டத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான் என்பது வேறு விஷயம்.

அவருக்கு ஒரே மகள், பதினேழு வயது. இரண்டு மாதமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கரண்டியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருப்பாள். கண்ணாடிக்காரரும் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு காலையில் கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் வெளியிலுமாக நின்று, "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். "சரி, ஒண்ணுமில்லன்னா சரி" என்று போய்விட்டார். ஒரு தகப்பன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

அவள் தானே ஒரு வழி தேடிக்கொண்டிருந்தாள். பள்ளி நூலகத்துக்குப் பின்னால் பழைய வரைபடங்களைப் போட்டு வைத்த ஒரு அறை உண்டு. மதிய இடைவேளையில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். பள்ளி நர்ஸ் கூட இருப்பார். ஆரம்பித்தது பிள்ளைகள்தான். அவர்கள் வகுப்பில் ஒட்டடைக்குச்சி என்று ஒரு பையன். உயரமும் ஒல்லியும் அப்படி. போன வருடம் அவன் ஐந்து மாதம் பள்ளிக்கு வராமல் வீட்டில் போர்வைக்குள் கிடந்தான். எதற்கு வரவில்லை என்று பள்ளியிலிருந்து மூன்று நோட்டீஸ் போயிற்று. மனிதர் ஒருவரும் போகவில்லை. கடைசியில் அவன் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் போய் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அதன் தொடர்ச்சிதான் அந்த அறை. கதவில் பிள்ளைகளே ஒரு விதி எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'முதல் பத்து நிமிடம் யாரும் அறிவுரை சொல்லக்கூடாது.' யாராவது ரொம்ப முடியாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே நர்ஸ் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி.

பெற்றோர்களுக்கு முதல் விதிதான் பிடிபடவில்லை. "அறிவுரை இல்லாம அப்படி என்னதான் பேசுறாங்க?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

மகளின் நிலையைப் பார்த்து நர்ஸ் ஒரு கடிதம் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க, ஒரு திங்கட்கிழமைக்கு நேரம் குறித்திருந்தது. கண்ணாடிக்காரர் கடிதத்தை வாங்கி, படித்து, மடித்து, கடை மேசையின் கீழ் இழுப்பறையில் லென்ஸ் பெட்டிக்கு அடியில் வைத்தார். அவர் கடையில் எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. அந்தக் கடிதம் மட்டும் வைத்த நிமிடமே மறந்துபோயிற்று.

அக்காதான் அலை ஐயாவைப் பற்றிச் சொன்னாள். கண்ணாடிக்காரரின் அக்கா வங்கியில் வேலை பார்க்கிறவள். ஒரு கையெழுத்தை மூன்று முறை சரிபார்க்காமல் ஒரு காகிதத்தை நகர்த்த மாட்டாள்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் பொம்பளைப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகப் போறியா? நாளைக்கு யார் என்ன கேப்பாங்கன்னு யோசிச்சியா? ஐயாகிட்ட போடா. அவர் பிள்ளையைப் பார்க்கக்கூட மாட்டார். வெளிய யாருக்கும் தெரியாது."

"நம்பலாமாக்கா?"

"என் மேனேஜரே போயிட்டு வந்தாருடா."

இதற்கு மேல் அத்தாட்சி எதற்கு? கண்ணாடிக்காரர் போனார். உறைமேல் எழுதினார்: 'வயது 17. தூங்குவதில்லை. என்னோடு பேசுவதில்லை. இரண்டு மாதமாக.'

குண்டு இடப்பக்கம் சுற்றியது. "தூக்கம் இல்லாத பிள்ளை" என்றார் அலை ஐயா. "பெத்த தகப்பன்கிட்டயே மனசு விட்டுப் பேசாத பிள்ளை. ரெண்டு சந்திரன் தெரியுது. ரெண்டு மாசமா?"

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவர், தன் உறையைத் தானே படிக்கவில்லை.

வைத்தியம் சொல்லப்பட்டது. சாம்பல் நிற ரப்பர் பட்டை ஒன்று, மௌனப் பட்டை என்று பெயர். அதை மணிக்கட்டில் மாட்டி நாற்பது நாள் யாரோடும் பேசக்கூடாது. பேசினால் அலை பரவும். அந்த அறை இருக்கிறதே, அது அலைக் கிடங்கு. ஒருவர் துயரத்தை ஒருவர் காதால் கேட்டுக் கேட்டு ஊருக்கே தொற்ற வைக்கிறார்கள். மருத்துவமனையில் பெயர் பதிந்தாலோ அலை கெட்டிப்பட்டுப்போகும்.

பேசாத பிள்ளைக்குப் பேசாதே என்று மருந்து. மருந்து உடனே வேலை செய்தது. மகள் பட்டையை வாங்கி, அப்பாவை ஒருமுறை பார்த்து, மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு "ஒண்ணுமில்லப்பா" கூட இல்லை.

"பார்த்தியா, முகத்துல ஒரு அமைதி வந்திருக்கு" என்றாள் அக்கா.

கண்ணாடிக்காரரின் மனைவி சலவை நிலையத்தில் வேலை முடிந்து வந்து, மகளின் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். "அமைதியா? எனக்கு அப்படித் தெரியலைங்க" என்றாள். அவளுக்கு அலை ஞானம் போதாது என்று அக்கா விளக்கினாள்.

கண்ணாடிக்காரர் நன்றியுள்ளவர். பத்தாம் நாளே பெற்றோர் சங்கத்தில் ஒரு தீர்மானத்தை எழுதி வைத்துவிட்டார்: நூலகத்துப் பின்னறையை மூடி அலை ஐயாவின் வசம் ஒப்படைப்பது, பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பட்டை. சனிக்கிழமை கூட்டம். ஐயாவே நேரில் வந்து எல்லோர் முன்னிலையிலும் உறை வாசிப்பதாக ஏற்பாடு.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, பள்ளி விட்ட நேரம். கடையில் ஒரு ஒன்பது வயதுப் பையன் நாற்காலியில் உட்கார்ந்து கண் தெரியவில்லை என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். பெரிய எழுத்தையே மாற்றி மாற்றிப் படித்தான். அவன் அம்மா அழுதுவிடுவாள் போலிருந்தது. மகளும் ஒட்டடைக்குச்சியும் உள்ளே வந்து ஓரமாக நின்றார்கள்.

கண்ணாடிக்காரர் இழுப்பறையைத் திறந்து லென்ஸ் பெட்டியை எடுத்தார். இரண்டு வட்டக் கண்ணாடிகளைச் சோதனைச் சட்டத்தில் சொருகிப் பையன் மூக்கில் வைத்தார்.

"இது ரொம்ப பவர் உள்ளது தம்பி. இதுலயும் தெரியலைன்னா ஊசிதான்."

பையன் கடைசி வரி வரை கடகடவென்று படித்தான்.

"வெறும் கண்ணாடிம்மா" என்றார் அவன் அம்மாவிடம். "பவரே கிடையாது. வகுப்புல எவனோ கண்ணாடி போட்டிருப்பான், இவனுக்கும் ஆசை. கூட்டிட்டுப் போங்க, கண்ணு கழுகு மாதிரி இருக்கு."

அவர்கள் போனதும் மகள் மேசைமேல் இருந்த ரசீதுச் சீட்டுக் கட்டை இழுத்தாள். பேசத்தானே தடை, எழுதத் தடை இல்லை. பேனாவை எடுத்து எழுதி அப்பாவிடம் திருப்பினாள்.

'அவனுக்கு ஏன் அதைப் போட்டீங்க?'

தொழிலைப் பற்றிக் கேட்டால் கண்ணாடிக்காரருக்கு உற்சாகம் பொங்கும். "அதாம்மா சூட்சுமம். என்ன மாட்டியிருக்கோம்னு அவனுக்குத் தெரியக்கூடாது. நமக்குத் தெரியணும். நிஜமாவே தெரியாதவன்னா எதைப் போட்டாலும் மாட்டிக்க மாட்டான். நடிக்கிறவன் ஒரே நிமிஷத்துல மாட்டிப்பான்."

மகள் அடுத்த வரியை எழுதினாள்.

'அலை ஐயாவுக்கு எப்பப் போடப் போறீங்க?'

கண்ணாடிக்காரர் சீட்டைப் படித்தார். தூரத்தில் வைத்துப் படித்தார். கிட்டே கொண்டுவந்து படித்தார். எந்தத் தூரத்திலும் அதேதான் எழுதியிருந்தது.

"அவரு பெரிய மனுஷன்மா. அவரைப் போய்ச் சோதிக்கிறதாவது. உன் விஷயம் அவ்வளவும் சொன்னாரு. தூக்கம் இல்லன்னு சொன்னாரு, ரெண்டு மாசம்னு சொன்னாரு."

"உறை மேல என்ன மாமா எழுதினீங்க?" என்று கேட்டான் ஒட்டடைக்குச்சி.

"தூங்கலைன்னு..." கண்ணாடிக்காரர் நிறுத்தினார். "ரெண்டு மாசமான்னு..."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண் பரிசோதிக்கிற நாற்காலி. எதிரில் எழுத்துப் பலகை. பையன் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

"எங்க வீட்லயும் எழுதினாங்க மாமா" என்றான். "பையன் பேசாம கிடக்கிறான்னு எழுதினாங்க. அவர் பேசாம கிடக்கச் சொன்னார். நல்லவேளை, நான் முன்னாடியே அஞ்சு மாசம் அந்தக் கோர்ஸ் முடிச்சுட்டேன்."

பிறகு பிள்ளைகளின் திட்டத்தைச் சொன்னான். சனிக்கிழமை கூட்டத்துக்கு நாலு உறை. மேலே எழுதுவது வழக்கம்போலப் பெற்றோர்கள், அவர்கள் கையாலேயே. உள்ளே வைப்பது பிள்ளைகள். எதில் என்ன வைத்தார்கள் என்ற பட்டியல் காலையிலேயே நர்ஸ் அக்காவின் கையெழுத்தோடு பூட்டி இருக்கும்.

"நீங்க ஒண்ணே ஒண்ணு செஞ்சா போதும். அவர் வாசிச்சு முடிச்சதும், சங்கத் தலைவரா நீங்க உறையைப் பிரிக்கணும்."

"நான்தானேடா அவரைக் கொண்டுவந்தேன். ஊரே சிரிக்கும்."

மகள் எழுதினாள்: 'நாற்பது நாள்ல இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கு.' கொஞ்சம் யோசித்து, அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி சேர்த்தாள். 'எனக்கு முடியலைப்பா.'

எழுத்துப் பலகையின் கடைசி வரியைவிடச் சின்ன எழுத்து. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி, லென்ஸ் பெட்டியைப் பழைய இடத்தில் வைக்கப் போனார். இழுப்பறையில் அந்தக் கடிதம் கிடந்தது. குறித்திருந்த தேதி வருகிற திங்கட்கிழமை.

சனிக்கிழமை பள்ளி அரங்கில் நிற்க இடமில்லை. பெற்றோர் கூட்டம் என்றால் பத்து நாற்காலி போடுவது வழக்கம். அன்று முந்நூறு போட்டும் சுவரோரம் ஆள் நின்றார்கள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கூட்டம் இல்லையே, குறையைப் பற்றிய கூட்டமல்லவா.

அலை ஐயா மேடைமேல் வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குறிப்பேட்டோடு குறிப்பேட்டுக்காரர். எதிரில் மேசைமேல் நாலு உறை. மேடைக்குக் கீழே ஒரு ஓரத்தில் பின்னறைப் பிள்ளைகள் நின்றார்கள். மகளின் மணிக்கட்டில் பட்டை இருந்தது.

ஐயா முதல் உறையின் மேல் குனிந்தார். கண்ணை மூடினார். குண்டு சுற்றியது.

"பதினாறு வயசு. உடம்புல சோம்பல் குடியேறியிருக்கு. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டான். நாற்பது நாள்."

குறிப்பேட்டுக்காரர் எழுதிக்கொண்டார். கூட்டத்தில் ஒரு தகப்பன் பக்கத்து ஆளின் தொடையில் அடித்து, "என் பையன்தான்" என்றார்.

இரண்டாவது உறை. "சின்னப் பிள்ளை. பதினாலு. கண்ணீர், கண்ணீர். காரணமே இல்லாம எப்பவும் அழுகை. முப்பது நாள்."

மூன்றாவது. "இந்தப் பொண்ணு மனசுக்குள்ள எதையோ மறைக்குது. ஒரு ரகசியம். கறுப்பா, அடர்த்தியா நிறைஞ்சு கிடக்கு. ஐம்பது நாள்."

நாலாவது உறையின் மேல் அக்காவின் கையெழுத்து இருந்தது. அவள் மகனுக்காக எழுதியது. ஐயா நெற்றியைச் சுருக்கினார். குண்டு வெறிபிடித்ததுபோல் சுற்றியது.

"இது முத்தின கேஸ். பெரியவங்களை மதிக்காத வாய். பொய் சொல்ற வாய். இந்த வாய் பேசப் பேச ஊரே கெடும். எண்பது நாளைக்கு இதை மூடி வைக்கணும்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். "ஐயா வாசிச்சு முடிச்சாச்சு. இப்ப உறையைப் பிரிக்கிறேன்."

"பிரிக்கக்கூடாது" என்று குறிப்பேட்டுக்காரர் பாய்ந்தார். "அலை கலைஞ்சிடும்."

"வாசிச்சு முடிச்ச பிறகு கலைஞ்சா என்னங்க? குறிப்பு எடுத்தாச்சே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. முதல் உறையைக் கிழித்து உள்ளே இருந்த படத்தைத் தூக்கிக் காட்டினார்.

உயிரியல் ஆய்வகத்து எலும்புக்கூடு.

"உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டார்ங்கிறது உண்மைதான்" என்றான் ஒட்டடைக்குச்சி கீழேயிருந்து. "நாங்க சேர்ந்த நாள்லேர்ந்து அங்கேயேதான் இருக்கார்."

இரண்டாவது படம், பள்ளி வராந்தாவில் இருக்கும் குடிநீர்த் தொட்டி.

"இதுவும் கரெக்ட். நாலு வருஷமா ஒழுகுது. ஏன்னு யாரும் கேக்கலை."

அரங்கு இப்போது கலகலத்தது. மூன்றாவதில் ஒரு வெள்ளைத் தாள். கண்ணாடிக்காரர் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். கறுப்பாக, அடர்த்தியாக ஒன்றும் இல்லை.

நாலாவது உறையைப் பிரித்தவர், படத்தைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு இரு கையாலும் உயர்த்திப் பிடித்தார். ஐயாவின் விளம்பரத் தாளிலிருந்து கத்தரித்த படம். வெள்ளை உடை, புன்னகை, ஆசி வழங்கும் கை. அலை ஐயா.

மகள் பட்டையைக் கழற்றினாள். மேடையேறி வந்து அதை ஐயாவின் முன்னால், நூலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

"எண்பது நாள்னு ஐயாவே சொன்னாரு" என்றான் ஒட்டடைக்குச்சி. "நாங்க எதுவும் சொல்லலை."

சிரிப்பு கூரையைத் தூக்கியது. நர்ஸ் எழுந்து, காலையில் கையெழுத்திட்ட பட்டியலைப் பிரித்து வரிசையாக வாசித்தார். எலும்புக்கூடு, தொட்டி, வெள்ளைத் தாள், ஐயா. ஒரு எழுத்து மாறவில்லை.

அலை ஐயாவின் முகம் வெளிறி, சிவந்து, பிறகு கனிவானது. தொழில்காரர். "பிள்ளைங்க விளையாடிட்டாங்க" என்றார். "படத்தை மாத்தி வெச்சா அலை குழம்பத்தானே செய்யும்? நல்ல மனசோட வெச்சிருந்தா சரியா வந்திருக்கும்."

"ஆமா, பாவம் அலை" என்று அக்கா தலையாட்டினாள். அவளோடு இன்னும் நாற்பது தலை ஆடியது. நேற்று வரை மெத்தையில் உட்கார்ந்தவர்கள் ஒரே நாளில் எழுந்துவிடுவார்களா?

மகள் மேடையில் இருந்த கரும்பலகைக்குப் போனாள். சுண்ணாம்புக் கட்டியை எடுத்தவள், பழக்கத்தில் எழுதப் போய், நிறுத்தினாள். திரும்பி மைக் அருகே வந்தாள். பதினாலு நாளாகப் பேசாத குரல் கரகரத்து வந்தது.

"சரிங்கய்யா. இந்தத் தடவை நல்ல மனசோட வைக்கிறோம். ஆறு உறை. மூணுல எங்க படம், மூணுல வெறும் தாள். வெளிய ஒரு எழுத்துகூட எழுத மாட்டோம், நம்பர் மட்டும். யாருக்கு என்ன குறைன்னு நீங்க சொல்ல வேண்டாம். எதுல பிள்ளை இருக்கு, எதுல இல்ல. அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

இதைவிட எளிய கேள்வி உலகத்தில் கிடையாது. பிள்ளை இருக்கிறதா, இல்லையா?

ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அலைகளின் நேரம் கடந்துவிட்டதாம். கார் காத்திருக்கிறதாம். குண்டை நூலோடு சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பக்கக் கதவு வழியாகப் போனார். குறிப்பேட்டுக்காரர் பின்னால் ஓடினார். ஓடுகிற அவசரத்தில் குறிப்பேட்டை விட்டுவிட்டுப் போனார். அதைப் புரட்டிப் பார்த்தார் கண்ணாடிக்காரர். எல்லாப் பக்கமும் உறைகளின் மேலிருந்து எழுதி எடுத்ததுதான், பெற்றோரின் எழுத்துப் பிழைகள் உட்பட.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "அப்ப இந்தத் தீர்மானம்?"

"கிழிச்சுடுங்க சார். எழுதினது நான்தான்" என்றார் கண்ணாடிக்காரர். பிறகு மகள் பக்கம் திரும்பினார். அரங்கம், மைக், முந்நூறு பேர், எல்லாம் மறந்துபோயிற்று. "உனக்கு என்னம்மா வேணும்? நீ சொல்லு. நான் பத்து நிமிஷம் வாயைத் திறக்கலை."

மகள் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அந்த அறை வேணும். நர்ஸ் அக்கா வேணும். எங்களுக்கு என்ன மருந்துன்னு நீங்க கூட்டம் போட்டா, அந்தக் கூட்டத்துல எங்களுக்கும் நாற்காலி வேணும். சுவரோரம் இல்ல, மேடையில." மூச்சு வாங்கினாள். "எனக்குப் பேசணும்ப்பா. ஆனா இந்த மைக்ல இல்ல. உங்ககிட்டயும் இப்ப இல்ல. முதல்ல திங்கட்கிழமை டாக்டர்கிட்ட. அப்புறம் மெதுவா உங்ககிட்ட."

முதலில் உங்களிடம்தான் என்று சொல்லியிருந்தால் தகப்பன் மனம் குளிர்ந்திருக்கும். குளிரவில்லை. ஆனாலும் கண்ணாடிக்காரர் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலிருப்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். இந்தப் பெண்ணுக்கு எப்படிப் பதினாலு நாள் முடிந்தது?

திங்கட்கிழமை காலை மருத்துவமனை வராந்தாவில் நீளமான பெஞ்சு. மகளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். "நீங்க வெளிய இருங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடிக்காரர் வெளியில் இருந்தார். பக்கத்தில் ஒரு பெரியவர், டிரைவர் சீருடையில். அவருக்கு அப்பால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி அவருடைய மகன்.

டிரைவர் நெருங்கி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"இங்கெல்லாம் வர்றது வீண்ங்க. நம்பர் கொடுத்துட்டாங்களேன்னு வந்தேன். புதுசா ஒருத்தர் வந்திருக்காராம், கேள்விப்பட்டீங்களா? பிள்ளையோட கால் கட்டைவிரலைப் பார்த்தே மனசுல என்ன இருக்குன்னு புட்டுப் புட்டு வைக்கிறாராம்."

"உங்க பையன்கிட்ட கேட்டீங்களா, மனசுல என்ன இருக்குன்னு?"

"அவன்கிட்ட என்னத்தைக் கேக்கிறது? அவனுக்குத்தானே மனசு சரியில்ல."

கண்ணாடிக்காரர் அவரை நிதானமாகப் பார்த்தார். நாலு நாளைக்கு முன்னால் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

"கட்டைவிரலுக்கு வாய் இல்லைங்க" என்றார். "பையனுக்கு இருக்கு. அவன் காதுல இருக்கிறதைக் கழட்டச் சொல்றதுக்கு முன்னாடி, நம்ம காதுல இருக்கிறதைக் கழட்டிட்டு அவன் பக்கத்துல போய் உட்காருங்க."